எடுத்துக்காட்டு தருக

இணைய மோசடி வழக்குகளை இருபது வருடம் விசாரித்து ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அந்தோணிமுத்து. அவர் கடைசியாக எழுதிய வழக்கில் ஏமாந்தது பத்தாவது படிக்கும் ஒரு பையன். அதிலிருந்து, பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு ஒரு மாதம் கணினி ஆசிரியை சங்கரவடிவிடம் பயிற்சி எடுத்து, அனுமதிப் படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் எந்தப் பள்ளிக்குள்ளும் நுழைய முடியாது.

ஆசிரியைக்கு முப்பத்திரண்டு வயது. மாணவருக்கு அறுபது.

முதல் நாளே அவர் கேட்டார்.

“டீச்சர், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் சொல்றாங்க? ஏமாந்த ஒவ்வொருத்தரையும் கேட்டிருக்கேன். ‘கேட்டாங்க சார், சொல்லிட்டேன்’கிறாங்க. இதெல்லாம் ஒரு பதிலா?”

“உங்க பாஸ்வேர்ட் கெட்டியானதா சார்?”

“பதினாலு எழுத்து!” என்றார் பெருமையாக.

ஆசிரியை சிரித்தார். “பாடத்தை ஆரம்பிங்க.”

பயிற்சிக்காக அவருக்குக் கொடுத்த ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். “கடவுச்சொல்லை?” என்று அந்தோணிமுத்து முழங்குவார். “யாரிடமும் சொல்ல மாட்டோம்!” என்று ஜன்னல் அதிரும். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் அந்தோணிமுத்து படிவத்தை நீட்டினார்.

“கையெழுத்து, டீச்சர்.”

“ஒரு பரீட்சை வச்சிருங்க சார். கேள்வியும் நீங்களே எடுங்க.”

ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். அன்று மதியமே திருத்திவிட்டார். முப்பத்தொன்பது பேர் பத்துக்குப் பத்து. முத்துப்பேச்சி மட்டும் எட்டு. ஐந்தாம் கேள்விக்கு அவள் எதுவுமே எழுதவில்லை.

“எந்திரிம்மா. ‘வலுவான கடவுச்சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.’ இதுல என்ன கஷ்டம்?”

“கஷ்டம் இல்ல சார். என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.”

“வேற ஒண்ணு யோசிச்சு எழுத வேண்டியதுதான?”

“யோசிச்சேன் சார். ரொம்ப நல்லா வந்துச்சு. அதையே வச்சுக்கிடலாம்னு எழுதாம விட்டுட்டேன்.”

வகுப்பு சிரித்தது.

“வாய் மட்டும் வக்கணை. இப்ப ரெண்டு மார்க் போச்சா?”

“போனா போகட்டும் சார்.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கரவடிவு எழுந்து வந்தார். விடைத்தாள் கட்டை வாங்கினார். ஒன்றையும் பார்க்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“மத்தவங்கள்ல, அஞ்சாம் கேள்விக்குத் தன்னோட நிஜ பாஸ்வேர்டையே எழுதினவங்க கை தூக்குங்க. திட்ட மாட்டேன்.”

ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. முப்பத்தொரு கைகள்.

அந்தோணிமுத்து ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தார்.

“ஏலே, ஒரு மாசமா தொண்டை கிழியக் கத்தினேனே! ஏன்லே எழுதினீங்க?”

முன்வரிசைப் பையன் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான்.

“நீங்கதான சார் கேட்டீங்க?”

இருபது வருடமாக அவர் எழுதி வாங்கிவந்த வாக்குமூலம் அது.

பிள்ளைகள் கடவுச்சொல்லை மாற்றக் கணினி அறைக்கு ஓடினார்கள். அந்தோணிமுத்து விடைத்தாள்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கிழித்தார். ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. எட்டை அடித்துப் பத்து என்று போட்டு முத்துப்பேச்சியிடம் கொடுத்தார்.

“தப்பு என் மேலதாம்மா.”

“பரவால்ல சார்,” என்றாள் அவள். “அடுத்த பரீட்சையில கேட்டாலும் எழுத மாட்டேன்.”

அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எங்க சார் கொண்டு போறீங்க?” என்று கேட்டார் சங்கரவடிவு.

“இன்னும் ஒரு மாசம் இருந்து படிக்கிறேன், டீச்சர்.”

“குடுங்க இங்க.” ஆசிரியை படிவத்தை வாங்கிப் பிரித்து மேசைமேல் நீவினார். “உங்க பாஸ்வேர்டையும் மாத்திட்டீங்களா?”

“இப்பத்தான் மாத்தினேன்.”

“பழசு பதினாலு எழுத்துன்னீங்க. இது அதைவிடக் கெட்டியா? எத்தனை எழுத்து?”

அந்தோணிமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சங்கரவடிவு பேனாவின் மூடியைக் கழற்றினார்.