குத்தூசி முதலாளி

நெல் வாங்குவதில் தன்னை ஏமாற்ற எவனும் பிறக்கவில்லை என்று மண்டி முதலாளி வைத்திலிங்கம் தானே சொல்லிக்கொள்வார். அவரிடம் நெல் புடைக்கிற பெண்கள் பதினாறு பேர்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள், எங்களை அரை நாள் விடுங்கள் என்று அவர்களில் ஒருத்தியான அஞ்சலாட்சி போய்க் கேட்டாள்.

"யாருக்கு என்ன வியாதி? எல்லாரும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்க. நோவுன்னு ஒருத்தியைக் காட்டு, அத்தனை பேரையும் அனுப்புறேன்."

அந்த நேரம் நெல் லாரி வந்தது. முதலாளி குத்தூசியை எடுத்துக்கொண்டு போய், மாதிரி பார்க்க முதல் மூட்டையில் வைத்தார்.

"ஐயோ, குத்தாதீங்க முதலாளி! மூட்டையும் குத்துக்கல்லாட்டம்தானே நிக்குது. நோவுதுன்னு சொல்லுச்சா?" என்றாள் அஞ்சலாட்சி.

"அறிவிருக்கா உனக்கு? உள்ளே ஈரம் ஏறிக் கிடந்தா வெளியே தெரியுமா? தெரியறப்ப மூட்டையே மக்கிப்போயிருக்கும். முன்னாடியே பார்த்தா காய வெச்சுக் காப்பாத்திடலாம்."

"அதையேதான் நர்சம்மாவும் சொன்னாங்க. அவங்க குத்தக்கூட மாட்டாங்க, குச்சியால லேசாத் தொட்டு எடுப்பாங்க."

லாரிக்காரன் சிரித்துவிட்டான். முதலாளிக்கு ஊசியைத் தள்ளவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை.

"போய்த் தொலைங்க!"

பதினாறு பேரும் கிளம்பினார்கள். வாசலில் பதினேழாவதாக ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியின் மனைவி தில்லைநாயகி.

"நீ எங்கடி? உனக்கென்ன வியாதி?"

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு வரேன். நீங்க மூட்டையைக் குத்துங்க."