ஒன்பது நிமிடப் பொறுமை

தெருவில் தனியாகக் கண்டெடுக்கப்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் காப்பகம் அது. தேடி வரும் வீட்டாரோடு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் எப்படி வளர்ந்திருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பார்கள். டாக்டர் ரெஜினாவிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள் தமயந்தி.

அன்று இரண்டரை வயது நிதிலனின் முறை. அவன் அப்பா வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

தமயந்தி அவன் முன்னால் ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட் வைத்தாள்.

"நான் சொன்னப்புறம்தான் எடுக்கணும், சரியா?"

ஒன்பது நிமிடம் ஆனது. பையன் அசையவில்லை. அதற்கு மேல் நிமிடம் குறிக்க மதிப்பெண் படிவத்தில் இடம் இல்லை.

"முழு மார்க், மேடம். இந்த வயசுல இவ்வளவு அடக்கம். வீட்ல நல்லா வளர்த்திருக்காங்க."

ரெஜினா தாளை வாங்கவில்லை.

"மத்த பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"நெளியும். பாட்டுப் பாடும். கை மேலேயே உட்கார்ந்துக்கும். போன வாரம் ஒண்ணு தட்டை நக்கிடுச்சு."

"அதுங்க எதைப் பார்க்கும்?"

"பிஸ்கட்டைத்தான்."

"இவன்?"

தமயந்தி யோசித்தாள்.

"என்னைப் பார்த்தான்." சற்றுக் கழித்துச் சொன்னாள். "என் கையை."

"இப்போ எடுத்துக்கச் சொல்லு."

"எடுத்துக்கோ கண்ணா."

அவன் எடுக்கவில்லை. தானே எடுத்துக் கொடுக்கலாம் என்று தமயந்தி கையை நீட்டினாள். பையன் கண்களை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். அழவில்லை.

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"நான் என்ன எழுதட்டும், மேடம்?"

"ஒன்பது நிமிஷம்னு எழுது. பிஸ்கட்டுக்காகன்னு எழுதாதே."

ரெஜினா பையனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் அவனுக்குத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவங்க அப்பாகிட்ட இன்னிக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லிட்டு வா."

தமயந்தி நகரவில்லை.

"போன மாசம் ஒரு பொண்ணு வந்தா மேடம். துர்காஸ்ரீ. மூணு வயசு. அவளும் ஒன்பது நிமிஷம் இருந்தா."

"ம்."

"அவளும் என் கையைத்தான் பார்த்தா. நான் முழு மார்க் போட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினீங்க."

ரெஜினா தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"அவ வீட்டு விலாசத்தை எடு," என்றார். "ரெண்டு பேருமாப் போவோம்."