முள்ளையாவின் வளை

ஒரு காட்டை நடுவில் ஒரு பாறைச்சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. செங்குத்தான, வழுவழுப்பான சுவர். குரங்குகூடப் பாதிவரை ஏறிவிட்டுக் கீழே பார்க்கும். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்கிவிடும்.

சுவருக்கு இந்தப் பக்கம் புல்லும் புதரும் இருந்தன. சிறிய விலங்குகள் எல்லாம் இங்கேதான் குடியிருந்தன. அந்தப் பக்கம் மலையும் ஓடைகளும். கோடை வந்துவிட்டால் தண்ணீர் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு பக்கத்துக்கும் வழி ஒன்றே ஒன்று. பாறைக்கு அடியில் முள்ளையா என்ற முள்ளம்பன்றி தோண்டிய நீண்ட வளை.

"என் நகம் தேய்ந்து உண்டான வழி இது. போக வேண்டியவர்கள் கிழங்கு கொண்டுவந்து வையுங்கள். பிறகு எந்நேரமும் போகலாம், வரலாம். ஏன் போகிறாய், எதற்கு வருகிறாய் என்று கேட்கவே மாட்டேன்" என்றது முள்ளையா.

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. எல்லா விலங்குகளும் கிழங்கு வைத்தன.

அந்தப் பக்கத்து ஓடைகள் கோடையில் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. காலையில் ஊறிய ஊற்று மாலையில் வெறும் மணலாகிவிடும். நேற்று வெடித்துக் கிடந்த பள்ளத்தில் இன்று கால் நனையத் தண்ணீர் நிற்கும். போதாததற்கு அங்கே ஒரு சிறுத்தை வேறு இருந்தது. அதற்கும் தாகம் எடுக்குமல்லவா? அதுவும் ஊற்றுக்கு ஊற்று இடம் மாறிக்கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் முழுதாக அறிந்த விலங்கு அந்தக் காட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளெலிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் எலியும் ஒவ்வோர் ஓடையை முகர்ந்துவிட்டு வரும். எதிரே யார் வந்தாலும் நின்று தனக்குத் தெரிந்த துணுக்கைச் சொல்லும். அவருக்குத் தெரிந்த துணுக்கைக் கேட்டுக்கொள்ளும். உடனே ஓடிப்போய் இரண்டையும் அடுத்தவரிடம் சொல்லும். முழுச் செய்தியும் சேரட்டும் என்று எந்த எலியும் உட்கார்ந்திருக்காது. துணுக்குகள் வளைக்குள் இங்குமங்கும் ஓடி, ஒன்றோடொன்று சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் எல்லார் வாசலுக்கும் முழுச் செய்தியாக வந்துவிடும். இதற்கு 'வாய்மாற்று' என்று பெயர். அதற்குத் தலைவரும் கிடையாது, கூலியும் கிடையாது.

வளையின் வாசலை ஒட்டிய புதரில் செவியன் என்ற முயல் தன் மனைவி வெண்ணியோடு வாழ்ந்துவந்தது. பொல்லாத முயல் அல்ல. தான் உண்டு, தன் புல் உண்டு என்று இருக்கும். தண்ணீர் எங்கே என்ற சேதி தினமும் தன் வாசலுக்கு எப்படி வருகிறது என்று அது யோசித்ததே இல்லை. விடிந்தால் வெளிச்சம் வருகிறது. அதுபோல இதுவும் வருகிறது என்று இருந்துவிட்டது.

அந்த ஆண்டு முள்ளையா கிழங்கு ஆசையில் புதிய குடும்பங்கள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டது. வளையின் அகலமோ பழைய அகலம்தான். உடும்பின் வால் கீரியின் முகத்தில் அடித்தது. ஆமைக்குப் பின்னால் அரைக்காடு காத்து நின்றது.

செவியன் கோபத்தோடு முள்ளையாவிடம் போனது.

"இது வழியா, புளி மூட்டையா? தண்ணீருக்குப் போன என் பெண்டாட்டியை இன்னும் காணோம். கொஞ்சம் அகலமாகத் தோண்டினால் என்ன?"

முள்ளையா கிழங்கை மென்றபடியே கேட்டது. "தோண்டலாம் தம்பி. ஆனால் குற்றம் வளையிலா இருக்கிறது? நீ ஒருநாளைக்கு எத்தனை தடவை போகிறாய்?"

"ஒரு தடவை."

"உன் வீட்டுக்காரி?"

"அவளும் ஒரு தடவைதான்."

"பார், இது மானமுள்ள குடும்பம்! இந்த எலிகளைப் பார். போகிறதா வருகிறதா என்றே தெரியவில்லை. நடுவழியில் நின்று கிசுகிசு வேறு. நீ வைப்பதும் ஒரு கிழங்கு, அது வைப்பதும் ஒரு கிழங்கு. உன் வழியை அல்லவா அவை தின்கின்றன?"

செவியனுக்குச் சுருக்கென்றது. வளையின் மேல் இருந்த கோபம் அப்படியே எலிகளின் மேல் திரும்பியது.

"அப்படியென்றால் அவற்றை நிறுத்திவிடுங்களேன்."

"சீச்சீ! நிறுத்துவதா? எந்நேரமும் போகலாம் என்று சொல்லித்தானே கிழங்கு வாங்கினேன்? வழி திறந்தேதான் இருக்கும்." முள்ளையா கண்ணைச் சிமிட்டியது. "கொஞ்சம் மெதுவாகப் போகட்டும். அவ்வளவுதான்."

வளையின் நடுவில் பக்கவாட்டில் ஒரு குழி உண்டு. மறுநாள் முதல் முள்ளையா அந்தக் குழியின் எதிரே வந்து நின்றுகொண்டது. முயலோ உடும்போ வந்தால் முட்களைப் படிய மடித்துக்கொள்ளும். வெள்ளெலி வந்தால் மட்டும் முட்கள் மெல்லச் சிலிர்த்து எழும். எலி பயந்து குழிக்குள் ஒதுங்கும். முட்கள் குழியின் வாயை மூடிக்கொள்ளும். நெடுநேரம் கழித்து முட்கள் படியும். எலி வெளியே ஓடும். குழிக்குள்ளிருந்தபடியே எந்த எலியாவது தன் துணுக்கைக் கத்திச் சொன்னால், முள்ளையா வால் முட்களைக் குலுக்கும். கிலுகிலுவென்ற அந்த ஓசையில் எலியின் குரல் அமுங்கிப்போகும்.

"ஏன் ஐயா மறிக்கிறீர்கள்?" என்று எலிகள் கேட்டன.

"நானா மறிக்கிறேன்? வயதான உடம்பு, சிலிர்க்கிறது. வழி திறந்துதானே இருக்கிறது?"

செவியன் வளைக்குள் போனபோது இதைக் கண்ணால் பார்த்தது. முட்களுக்குப் பின்னால் சிறு கண்கள் மின்னின. செவியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது. வழி காற்றோட்டமாக இருந்தது. வெண்ணியும் சீக்கிரமே வீடு திரும்பியது.

சில நாள் கழித்துக் கடுகு என்ற வெள்ளெலி செவியனைத் தேடி வந்தது.

"முயலண்ணே, நீங்கள் வளை வாசலிலேயே இருப்பவர். முள்ளையா எங்களுக்கு மட்டும் முள் விரிப்பதைப் பார்த்திருப்பீர்களே? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். எலி சொன்னால் யார் கேட்கிறார்கள்?"

"நான் புல்லைப் பார்ப்பேனா, முள்ளைப் பார்ப்பேனா?" என்றது செவியன். "எனக்கு ஒன்றும் தெரியாது, போ."

கடுகு அதன் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று செவியனுக்குப் புல் ருசிக்கவில்லை. 'முள் சிலிர்ப்பது முள்ளம்பன்றியின் இயல்புதானே? இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? அப்படியானால் அந்த எலியின் முகத்தை ஏன் என்னால் பார்க்க முடியவில்லை?' என்று தன்னையே கேட்டுக்கொண்டது. விடை வரும்போலிருந்தது. செவியன் எழுந்து மேயப் போய்விட்டது.

கோடை முற்றியது. வெண்ணி குட்டிகள் போட்டது. வெண்ணிக்குத் தண்ணீர் கிடைத்த நாளில் பால் சுரந்தது. கிடைக்காத நாளில் குட்டிகள் முட்டி முட்டி ஓய்ந்து படுத்தன. மாலைக்குள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த சேதி இப்போதெல்லாம் மறுநாள்தான் வந்தது. வந்ததும் அரைகுறை. சொன்ன ஊற்றுக்குப் போனால் மணல்தான் இருந்தது.

"எலிகளுக்குத் திமிர் பிடித்துவிட்டது. ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்று திட்டியது செவியன்.

ஒருநாள் காலையில் ஒரு கிழட்டு வெள்ளெலி நொண்டியபடி வந்தது. "கருங்கல் ஓடையில் நல்ல தண்ணீர். இது பாதிச் சேதிதான். மீதி கடுகிடம் இருக்கிறது, பின்னால் வருகிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த புதருக்குப் போனது.

வெண்ணி எழுந்து மீண்டும் உட்கார்ந்தது. "கடுகும் வரட்டுமே. சிறுத்தை எந்தப் பக்கம் என்று தெரியவேண்டாமா?"

"அவன் வருவதற்குள் ஓடை வற்றிவிடும். நேற்று அப்படித்தானே ஆயிற்று? குட்டிகளைப் பார், வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. நான் அதிகாலையில் அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் தேடிவிட்டு வந்தேனே, வழி தங்குதடையில்லாமல் இருக்கிறது. போய்விட்டு வா."

வெண்ணி குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. "நான் வரும்வரை இதுகளை விட்டு நகராதீர்கள்" என்று சொல்லிவிட்டு வளைக்குள் நுழைந்தது.

உள்ளேயிருந்து முள்ளையாவின் குரல் கேட்டது. "வாம்மா, தாராளமாகப் போ. குட்டிகள் சுகமா?" பிறகு கிலுகிலுவென்று முள் குலுங்கும் ஓசை. அந்த ஓசைக்கு அடியில் கீச்சுக்கீச்சென்று ஏதோ ஒரு குரல்.

'காலையிலேயே எலிக் கூச்சல்' என்று செவியன் காதை மடித்துக்கொண்டது.

வெயில் ஏறிய பிறகுதான் கடுகு வளையிலிருந்து வெளியே வந்தது. அதன் மூக்கில் முள் கிழித்த காயம். குரல் கம்மிப்போயிருந்தது.

"அண்ணே, அக்கா எங்கே?"

"தண்ணீருக்குப் போயிருக்கிறாள்."

கடுகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அப்படியானால் நான் பார்த்தது அக்காவைத்தான். அண்ணே, சிறுத்தை கருங்கல் ஓடையில்தான் படுத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் விடியும்போதே ஓடிவந்தேன். முள்ளையா என்னைக் குழிக்குள் ஒதுக்கிவிட்டது. அக்கா என்னைத் தாண்டித்தான் போனாள். ஒரு முழத் தூரம்கூட இல்லை. 'போகாதே, போகாதே' என்று கத்தினேன். அது வாலைக் குலுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா நின்று, 'யார், என்ன சொல்கிறது?' என்று கேட்டாள். 'எலி விளையாடுகிறதம்மா' என்றது முள்ளையா."

செவியன் அதற்குமேல் கேட்கவில்லை. வளைக்குள் பாய்ந்தது.

"என்ன செவியா, இவ்வளவு வேகம்?" என்றது முள்ளையா. "காலையில்தான் ஒருமுறை போய்வந்தாயே?"

"வழி விடுங்கள்! என் வெண்ணி போயிருக்கிறாள், அங்கே சிறுத்தை—"

"எலிகளும் இதைத்தான் சொல்கின்றன. எப்போது பார்த்தாலும் அவசரம், அவசரம். கொஞ்சம் குழிக்குள் நில்."

முட்கள் மெல்ல எழுந்தன.

"முள்ளையா, என்னைத் தெரியவில்லையா? நான் எலி இல்லை!"

"இந்த இருட்டில் முகம் யார் பார்க்கிறார்கள் தம்பி? அடிக்கடி ஓடுகிறவன் எலி."

செவியன் கண்ணை மூடிக்கொண்டு முட்களுக்குள் பாய்ந்தது. தோளில் ஒரு முள் ஏறி ஒடிந்தது. ரத்தம் ஒழுக ஒழுக அந்தப் பக்கம் போய் விழுந்து, எழுந்து ஓடியது.

கருங்கல் ஓடையில் தண்ணீர் இருந்தது. தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். சிறுத்தையைக் காணவில்லை. கரைச் சேற்றில் அகன்ற பாதத் தடங்கள் பதிந்திருந்தன. அவற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கோரைப்புல்லில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

முயல் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வாய்விட்டுக் கத்தும் என்று அந்தக் காட்டில் சொல்வார்கள். வெண்ணி கத்தியிருக்கும். எத்தனை நேரம் கத்தியதோ! செவியன் அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றது. குடிக்க முடியவில்லை. குட்டிகளின் நினைவு வந்தது. உடம்பு முழுவதையும் நனைத்துக்கொண்டு திரும்பியது.

இந்தமுறை முள்ளையா மறிக்கவில்லை. நொண்டி நொண்டி வந்ததால் அதற்கு எலியாகத் தோன்றவில்லை போலும்.

வாசலில் உடும்பும் ஆமையும் கீரியும் நின்றுகொண்டிருந்தன. செவியன் மூச்சு வாங்க அவற்றைப் பார்த்துச் சொன்னது. "முள்ளையா எலிகளுக்கு முள் விரிக்கிறது. முதல் நாளே நான் பார்த்தேன். அதனால்தான் நமக்குச் சேதி வருவதில்லை. அதனால்தான் என் வெண்ணி..."

கீரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "துக்கத்தில் பேசுகிறாய் செவியா. எங்களுக்கு வழி நன்றாகத்தானே இருக்கிறது?"

"முன்புபோல் நெரிசலே இல்லை" என்றது உடும்பு.

"நான் ஒரு வால் இடி வாங்கி எத்தனை நாளாயிற்று தெரியுமா?" என்றது ஆமை. "போய்ப் படு தம்பி. உடம்பு தேறட்டும்."

செவியன் வாதாடவில்லை. அவை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அது முன்பே தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தது. கடுகைத் தேடியது. கடுகு இல்லை. வெள்ளெலிகள் தங்கள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு, பாறைச்சுவரே இல்லாத வேறு காட்டைத் தேடிக் கிளம்பிவிட்டன.

செவியன் புதருக்குள் போனது. குட்டிகள் ஓடிவந்து அதன் ஈர மயிரை நக்கின. நக்கி நக்கித் தாகம் தீர்ந்ததும் அதன் வயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்து முட்டின. அங்கே பால் இல்லை. கொஞ்ச நேரம் முட்டிவிட்டு, அம்மா வரும் திசையைப் பார்த்தபடி வாசலில் போய் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

செவியன் அவற்றை உள்ளே கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

நீதி: பிறர் வாயை அடைக்கச் சம்மதிப்பவன் தன் காதையே அடைத்துக்கொள்கிறான்.