மாப்பிள்ளைத் தவளையின் பத்தியம்

நெடுவயல் ஜமீன்தார் ஒரு தவளை வளர்த்தார். மழை பொய்த்ததும், மழை வேண்டி அதற்குக் கல்யாணம் செய்வதென்று தீர்மானித்து, மாப்பிள்ளைக்குத் தினமும் உடம்பெல்லாம் சந்தனம் பூசினார். பத்தாம் நாள் தவளை பூச்சியைத் தொடவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

அரண்மனை வைத்தியர் தங்க பஸ்பம் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு, தண்ணீர் சுமக்கும் சடைச்சியைக் கூப்பிட்டு ஒரு காலணாவைக் கொடுத்தார் ஜமீன்தார்.

"காலணாவுக்குள்ள வைத்தியம் பாரு. அது நான் பெத்த பிள்ளை மாதிரி. செத்துதுன்னா நீ இந்த ஊர்ல இருக்க முடியாது."

"பால்குடிப் பிள்ளைக்கு நோவுன்னா தாய்தானே எசமான் பத்தியம் இருப்பா? பிள்ளைக்குப் பூசுனதை உங்களுக்கும் பூசணும்."

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜமீன்தாரால் மறுக்க முடியவில்லை. சடைச்சி சந்தனத்தைக் குழைத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து அப்பினாள்.

"மூச்சு முட்டுதுடி!" என்று துப்பினார்.

"தவளை தோலால மூச்சு விடுற ஜீவன் எசமான். அதுக்கு உடம்பு பூரா மூக்குதான்."

ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரில் தவளையைக் கழுவி, ஈரத்துணியில் வைத்தாள். அது கண் திறக்கும்வரை எசமான் முகம் கழுவக் கூடாது என்றாள். பொழுது சாயும்வரை ஜமீன்தார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னேன் எசமான். தண்ணி சுமக்குறவளுக்கு என்ன தெரியும்னீங்க."

காலணாவைத் திருப்பி வைத்துவிட்டு அவள் குடத்தை எடுத்தாள். அப்போது ஜமீன்தாரின் சந்தன மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. தவளை கண்ணைத் திறந்தது, ஒரே தாவாகத் தாவியது, அந்த மூக்கின் மேலேயே உட்கார்ந்து ஈயை விழுங்கியது.

நோய் தீர்ந்ததற்கு வேறு அத்தாட்சி யாரும் கேட்கவில்லை.