டோபின் எறிந்த பந்து

கனடாவின் மேற்கே ஒரு சிறு நகரம். அங்கே ஒரு சைவ மடம். மடத்துத் தலைவரான சாமியை விட அரியரத்தினம் பத்து வயது மூத்தவர். ஆனாலும் சீடர்.

கார்த்திகை மாதத்து முதல் பனி கொட்டிய காலையில் அவர் சாமியிடம் வந்தார்.

“சாமி, சனிக்கிழமை மைதானத்தில டோபினுக்குப் பிரியாவிடை. போகவோ, விடவோ?”

“ஆர் டோபின்?”

“எங்கட ஃபுட்பால் அணியின்ர குவாட்டர்பேக். இது காலால இல்லை, கையால எறியிற ஃபுட்பால். பதினேழு வருசம் பந்தெறிஞ்சு ஆட்டத்தை நடத்தினவன். ஒன்பது வருசத்துக்கு முதல், இறுதி ஆட்டத்தில, கடைசிப் பந்தை எதிரியின்ர கையில எறிஞ்சு குடுத்தான். கோப்பை போச்சுது.”

“அதோட ஆட்டம் பாக்கிறதை விட்டிட்டியளோ?”

“ஒரு ஆட்டமும் விடேல்லை. ஆனா அவனுக்காக வாய் திறக்கேல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். அண்டைக்கு என்னோட சேர்ந்து ஏசின சனம் இண்டைக்கு, ‘அவனைப்போல ஒருத்தன் இனி வரமாட்டான்’ எண்டு கதைக்குது. வெக்கங்கெட்டதுகள். என்ர மனுசியும் டிக்கெட் எடுத்திட்டா.”

சாமி ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரை வெளியே கூட்டிப்போனார். வாசலில் இன்னொரு சீடரான வன்னியசிங்கம் பனி அள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று மௌன விரதம்.

“இதை அவருக்கு எறியுங்கோ, அண்ணை.”

அரியரத்தினம் எறிந்தார். பழம் கையை விட்டதுதான் தாமதம், சாமி தோளால் ஓர் இடி இடித்தார். அரியரத்தினம் பனிக்குள் குப்புற விழுந்தார். சாமி அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“பிடிச்சாரோ?”

“இடிச்சு விழுத்திப்போட்டுக் கேக்கிறியளே! மூஞ்சை முழுக்கப் பனி. எனக்கென்னெண்டு தெரியும்?”

“அவரையே கேளுங்கோ.”

“ஓய் வன்னியசிங்கம்! பழத்தைப் பிடிச்சனீரோ?”

சத்தமில்லை.

“ஓய்!”

அதற்கும் சத்தமில்லை.

“ஒருத்தன் இஞ்ச விழுந்து கிடக்கிறான். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் அந்தாளுக்கு என்ன குறைஞ்சா போயிடும்?”

முதுகில் இருந்தபடியே சாமி கேட்டார்.

“டோபினும் எறிஞ்ச கையோட விழுவானோ?”

“எத்தினையோ தரம். மூண்டு பேர் மேல கிடப்பினம்.”

“பந்து பிடிபட்டது அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“சனத்தின்ர சத்தத்தில…”

சாமி எழுந்தார். அரியரத்தினம் எழும்பவில்லை. பனி கழுத்துக்குள் உருகி இறங்கியது.

வன்னியசிங்கம் வந்து பழத்தை உரித்து அவர் முன்னால் நீட்டினார். அரியரத்தினம் அதை வாங்காமல் சாமியைப் பார்த்தார்.

“ஒன்பது வருசம் போயிட்டுது, சாமி. இனிப் போய்ச் சத்தம் போட்டு என்ன?”

சாமி குனிந்து கை கொடுத்தார்.

“அவன் இன்னும் எழும்பேல்லை, அண்ணை.”