ஈரம் காய்வதற்குள் ஒரு டிராக்டர்

கூழாங்குப்பத்துத் தாயாரம்மாவுக்குக் கடவுள் கொடுத்தது நாலு ஏக்கர் நிலமும் மூன்று தம்பிகளும். நிலத்தைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்த வருடம் நல்ல மழை. இரண்டு நாளில் ஈரம் காய்ந்துவிடும், அதற்குள் உழுது வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடாவிட்டால் அந்தப் போகமே போச்சு. டவுனில் வாங்கிய டிராக்டரை எடுத்துவரத் தம்பிகளை அனுப்பினார். வேறு ஆள் கிடைக்கவில்லை, பாவம்.

டிராக்டரை ஏற்ற ஒரு நீள டிரெய்லர். அதன் முன்பக்கம் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து வாடகை லாரியின் முதுகில் உட்கார்ந்திருந்தது. கடை மெக்கானிக் டிராக்டரை ஏற்றி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினார்.

"பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவ நிறுத்தி, சங்கிலி இறுக்கமா இருக்கான்னு பாத்துடணும். உசுருக்கும் பத்திரம், போலீசும் புடிக்காது."

பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தினார்கள். மூத்தவன் கோதண்டம் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"கட்டியே கெடந்தா எப்படிடா தெரியும்? கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

நடுவுள்ளவன் பொன்னுரங்கம் கழற்றினான். கடைக்குட்டி சாமிக்கண்ணு ஒரு சங்கிலியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணே, தொளதொளன்னு இருக்கு!"

"நல்லவேள பாத்தோம்" என்று மூவரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். திரும்பக் கட்ட இரண்டு மணி நேரம். இருபதாவது கிலோமீட்டரிலும் இதே கூத்து. முப்பதாவதில் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். விவரத்தைச் சொன்னார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்துக்கொண்டு, வண்டியேறிப் போய்விட்டார்.

"பாத்தியா? அவரும் கழட்டித்தான் பாக்கறாரு" என்றான் பொன்னுரங்கம்.

மறுநாள் காலை ஊர் வந்தார்கள். டிராக்டர் நிலத்துக்கு வந்தாகணும் என்று அக்கா சொல்லியிருந்ததால் லாரியை நேரே நிலத்துக்குள் விட்டார்கள். லாரியும் டிரெய்லரும் அச்சு வரை புதைந்தன.

தாயாரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னிக்கி விட்டா மல்லாட்ட கெடையாதுடா, பாவிங்களா!"

"இன்னொரு டிராக்டர் கொண்டாந்து இழுத்தா லாரி வந்துடும்" என்றான் கோதண்டம்.

"அத எதுல ஏத்திக்கினு வர்றது?" என்றான் பொன்னுரங்கம்.

"இந்த டிரெய்லர்லதான்."

"இதுலதான் ஒண்ணு நிக்குதே."

"அப்ப அத எறக்கு."

"எறக்கிட்டா? டிரெய்லர் சேத்துல கெடக்குதே."

"எறக்குன டிராக்டர வெச்சு இழு!"

இறக்கினார்கள், இழுத்தார்கள். லாரியும் டிரெய்லரும் சாலைக்கு வந்துவிட்டன. தாயாரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விதை எடுத்துவரவும் ஆள் கூட்டிவரவும் ஓடினார்.

மத்தியானம் அவர் விதை மூட்டையோடு திரும்பியபோது நிலத்தில் டிராக்டர் இல்லை. வழியில் லாரி மறுபடி புதைந்தால் இழுக்க வேண்டுமே என்று அதையும் ஏற்றிக் கட்டிக்கொண்டு, மூவரும் முதலில் பேசியபடியே இன்னொரு டிராக்டர் எடுத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாமிக்கண்ணு லாரி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"நாளன்னிக்கி வந்துடுவோம்க்கா! அதுவரைக்கும் ஈரம் காயாம பாத்துக்கோ!"