ஒரு பெட்டிக்குள் எட்டுப் பெட்டி

ஆனைமுடங்கி என்ற ஊரில் மழைக்கணக்கு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் கணக்கைக் கொடுத்தால், "இன்று மதியம் மழை" என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லும். அதற்குள் ஊரே நனைந்து தலை துவட்டியிருக்கும். நிலையத் தலைவர் வேலாயுத அண்ணாச்சிக்கு அதில் பெருமைதான். சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லையே!

தலைநகரத்து மேலதிகாரிக்கு அந்தப் பெருமை புரியவில்லை. "எட்டு கம்ப்யூட்டர்களை வையுங்கள். எட்டில் ஒரு பங்கு நேரத்தில் கணக்கு முடிய வேண்டும். முடியாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவோம்" என்று உத்தரவு போட்டார்.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன் மாசானம். அந்த வேலையை நம்பித்தான் ஆவுடைச்செல்வியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போச்சு.

எட்டு வாங்கப் பணமில்லை. இருந்த ஒரே பெட்டியின் மூளையை மாசானம் எட்டாகப் பங்குபோட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு கம்ப்யூட்டர் என்றான். பெட்டி ஒன்றுதான், ஆனால் திரையில் எட்டு தெரிந்தன. கணக்கை எட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஆறு மணிக்கு முடிந்தது.

"ஒண்ணு அஞ்சு மணிக்கு முடிச்சத எட்டு சேந்து ஆறு மணிக்கு முடிச்சிருக்கே!" மாசானத்துக்கு அழுகை வந்தது.

"வீட்டுல ஆளு கூடுனா பேச்சுதாம்லே கூடும்" என்றார் அண்ணாச்சி.

கூட வேலை பார்த்த சுடலைக்கண்ணு நெடுநேரம் யோசித்தான். "அடுத்தவன் செய்வான்னு ஒவ்வொண்ணும் சும்மா இருக்கு அண்ணாச்சி. தனித்தனியா விட்டுப் பாப்போம்."

ஏழு கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டு ஒன்றிடம் பெட்டி முழுவதையும் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு முடித்தது. மறுநாள் அடுத்தது. இப்படியே எட்டும் சொல்லிவைத்தாற்போல் ஐந்து மணிக்கே முடித்தன.

"பாத்தியளா, திறமையில குறையே இல்ல. ஒத்துமைதான் இல்ல" என்று அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

மேலதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தவர், "நேரத்தை அளக்கும்போது இந்தக் கணக்கைத் தவிர மற்ற எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும். அதுதான் விதி" என்றார்.

விதி என்றால் விதி. மின்விசிறியை நிறுத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். வாசலில் போன ஆட்டோவை சுடலைக்கண்ணு குறுக்கே விழுந்து நிறுத்தினான். மாசானம் ஸ்டூலில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். அப்போது மணி பத்து பத்து. விதியில் கண்டிப்பான மேலதிகாரி தம் கைக்கடிகாரத்தையும் நிறுத்திக்கொண்டார்.

கணக்கு ஓடியது. எல்லோரும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா, பத்து மணிக்கே இருட்டிருச்சு?" என்றார் மேலதிகாரி.

"மழை மேகம் சார்" என்றார் அண்ணாச்சி.

கணக்கு முடிந்ததும் மாசானம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். பத்து பத்து. மேலதிகாரி தம் கையைப் பார்த்தார். அதிலும் பத்து பத்து.

"எட்டில் ஒரு பங்குதானய்யா கேட்டேன்! நேரமே எடுக்காம முடிச்சிட்டீங்களே!" மேலதிகாரி மாசானத்தைக் கட்டிக்கொண்டார். "நிலையத்தை மூட மாட்டோம். ஆனா இங்கே எதையும் மாத்தக் கூடாது. இப்போ இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்." இருட்டில் வழி தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டு போனார்.

கல்யாண நாள் வந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளையைக் காணாமல் மாமனார் பிச்சாண்டி நிலையத்துக்குப் போன் போட்டார்.

"மாப்பிள, எங்க இருக்கிய? முந்தாநாளே வாரேன்னியள!"

"ஆபீஸ்லதான் மாமா. அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்னு அண்ணாச்சி லீவு குடுத்தாவ. அஞ்சுதான் ஆக மாட்டேங்கு."

"ஐயோ, முகூர்த்தம் பத்தரையோட முடியுதே!"

மாசானம் அண்ணாந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். பத்து பத்து. மனசு நிம்மதியானது.

"பதறாதிய மாமா, பத்தரைக்கு இன்னும் இருபது நிமிஷம் கிடக்கு. அஞ்சு மணி ஆனதும் வந்திருதேன்."